சிலபஸ் என்றொரு பாடபேதம்

(நூலக வார விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் வேறு வழியில்லாமல் உட்கார வைக்கப்பட்டிருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே, பின்வரிசையில் தாமாக வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் நடந்தது இது. பரீட்சைக்கு மூன்றே வாரம் இருந்தது. சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, சிலபஸ் பாதிகூட முடியவில்லை என்று அம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா தலையை உள்ளே நீட்டி, "சில பஸ்ஸா? நம்மூருக்கு வர்றதே ஒத்த பஸ்ஸுதானடா?" என்றாள்.

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். ரொம்ப நாள் கழித்து, ஆங்கிலச் சொற்களின் பிறப்பைத் தேடிப் படிக்கிற பைத்தியம் பிடித்த பிறகுதான், அன்றைக்கு அப்பத்தா செய்தது என்ன என்று யோசித்தேன். காதில் விழுந்தது தெரியாத ஒரு சொல். அதைத் தெரிந்த துண்டுகளாக உடைத்தாள். துண்டுகளைக் கூட்டினாள். பொருள் கிடைத்துவிட்டது, அதுவும் எங்கள் ஊர் நிலவரத்துக்கு ஒத்துப்போகிற பொருள். அப்பத்தா செய்தால் சிரிக்கிறோம். இதே சொல்லை வைத்துக்கொண்டு இதே காரியத்தை ஐரோப்பாவின் பெரிய பெரிய பண்டிதர்கள் செய்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அகராதியில் ஏற்றிவிட்டார்கள்.

அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன். பிள்ளைகளே, இது சிலபஸில் இல்லாத விஷயம். பரீட்சைக்கு வராது. நிம்மதியாகக் கேட்கலாம்.

சிலபஸ் என்ற சொல் எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கில அகராதியைப் புரட்டினால் சுத்தமாகக் குளித்துத் திருநீறு பூசிய மாதிரி ஒரு பதில் கிடைக்கும். கிரேக்கத்தில் 'சில்லபோஸ்' என்றொரு பெயர்ச்சொல். அது 'சில்லம்பானெய்ன்' என்ற வினையிலிருந்து வந்தது. 'சின்' என்றால் கூட, சேர்த்து. 'லம்பானெய்ன்' என்றால் பற்றுதல், எடுத்தல். ஆக, பல விஷயங்களைச் சேர்த்துப் பிடித்து வைத்த பட்டியல். எவ்வளவு பொருத்தம்! பாடங்களைத் தொகுத்து வைத்தால் சிலபஸ்தானே?

அந்த வினைச்சொல் உண்மையானதுதான், அதில் சந்தேகமில்லை. நல்ல பெரிய குடும்பம் அது. எழுத்துகளைச் சேர்த்துப் பிடித்தால் 'சிலபிள்', நம் யாப்பில் அசை என்கிறோமே, கிட்டத்தட்ட அது. வானத்து நட்சத்திரத்தைப் பிடித்துக் கணக்குப் பார்க்கும் கருவி 'அஸ்ட்ரோலேப்'. இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு விடாத சிக்கல் 'டைலம்மா'. ஆளையே மேலே விழுந்து பிடிக்கும் நோய் 'எபிலெப்சி'. நாம் வலிப்பு என்கிறோம், ஆனால் பேய் பிடித்தது என்று சொல்லும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது, அந்தப் பிடிதான் கிரேக்கச் சொல்லிலும் இருப்பது. இப்படி ஒரு கண்ணியமான குடும்பத்தில் சிலபஸையும் ஒரு பிள்ளையாகச் சேர்த்துவிட்டார்கள்.

ஆனால் அந்தக் குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை. பழைய கிரேக்கத்தில் பட்டியல் என்ற பொருளில் 'சில்லபோஸ்' என்றொரு சொல்லே கிடையாது.

அப்படியானால் இது யார் வீட்டுப் பிள்ளை? அதற்கு நாம் கி.மு. 56-க்குப் போக வேண்டும். இத்தாலியில் ரோமுக்குத் தெற்கே ஆன்டியம் என்ற கடற்கரை ஊர். அங்கே சிசரோவுக்கு ஒரு வீடு. சிசரோ யார் என்று பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், ரோமானியப் பேச்சாளர்களில் முதல் இடத்தில் வைக்கப்படுகிறவர், வழக்கறிஞர், அரசியல்வாதி. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், கி.மு. 58-ல், அரசியல் எதிரிகள் அவரை நாடு கடத்தினார்கள். ரோமில் இருந்த வீட்டை இடித்துத் தள்ளினார்கள், நாட்டுப்புற வீடுகளையும் சூறையாடினார்கள். மறு வருஷம் திரும்பி வந்தார். வந்து பார்த்தால் புத்தகங்கள் எல்லாம் தாறுமாறாகக் கிடக்கின்றன.

வீடு மாறியவர்களுக்கு இது தெரியும். பாத்திரம் அடுக்க ஒரு நாள் போதும். புத்தகம் அடுக்க ஆறு மாசம் ஆகும். எடுத்து வைக்கிற ஒவ்வொன்றையும் திறந்து படிக்க ஆரம்பித்துவிடுவோம்.

சிசரோ ஒரு ஆளைப் பிடித்தார். டிரானியோ என்ற கிரேக்கப் புலவர். கருங்கடல் கரையிலிருந்து போர்க் கைதியாக ரோமுக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு அங்கேயே பெரிய ஆசிரியராக நிலைத்தவர். அவர் வந்து நூல்களை ஒழுங்குபண்ணத் தொடங்கினார். அப்போது சிசரோ தன் உயிர் நண்பர் அட்டிகஸுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார். உன்னிடம் வேலை செய்யும் படியெடுப்போர் இரண்டு பேரை அனுப்பி வை; ஒட்டுகிற வேலைக்கும் மற்ற எடுபிடி வேலைக்கும் டிரானியோவுக்கு உதவியாக இருக்கும்; வரும்போது கொஞ்சம் தோல்தாளும் கொண்டுவரச் சொல், பெயர்ச்சீட்டு செய்ய வேண்டும் என்று கேட்கிறார். கேட்டுவிட்டு ஒரு குறும்பும் செய்கிறார். அந்தச் சீட்டுக்குக் கிரேக்கர்களாகிய நீங்கள் இன்ன பெயர் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன், என்கிறார்.

அட்டிகஸ் கிரேக்கர் அல்ல. அசல் ரோமானியர். ஏதென்ஸில் இருபது வருஷம் போல இருந்துவிட்டு வந்தவர். அதனால்தான் ஏதென்ஸ் இருக்கும் அட்டிகா நாட்டின் பெயரே அவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. சிங்கப்பூரில் சம்பாதித்துவிட்டு வந்த மாப்பிள்ளையைப் பார்த்து, "உங்க ஊர்ல இதுக்கு என்னமோ பேர் சொல்லுவீகளே" என்று கேட்போமே, அந்தக் கேலிதான். இன்னொன்றையும் கவனியுங்கள். 'என்று நினைக்கிறேன்' என்கிறார். சொல் சரிதானா என்று அவருக்கே முழு நிச்சயம் இல்லை, அல்லது இல்லாத மாதிரி நடிக்கிறார். சந்தேகத்தோடு எழுதப்பட்ட அந்த ஒரு சொல்தான் நம் கதாநாயகன். 'சிட்டிபா.' பன்மையில், அந்த வாக்கியத்தில் வர வேண்டிய வடிவம் 'சிட்டிபாஸ்'.

சிட்டிபா என்றால் என்ன? நூலகர் அம்மாவுக்குச் சொல்லாமலே தெரியும். அந்தக் காலத்துப் புத்தகம் சுருள். பாப்பிரஸ் தாளை நீளமாக ஒட்டிப் பாய் மாதிரிச் சுருட்டி அலமாரியில் படுக்க வைத்திருப்பார்கள். முதுகு கிடையாது, அட்டை கிடையாது. வெளியே தெரிவது சுருளின் வட்டமான முனை மட்டும். எல்லா முனையும் ஒரே மாதிரி இருக்கும். எது ஹோமர், எது வரவுசெலவுக் கணக்கு என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே முனையில் ஒரு துண்டுத் தோலை, நாக்கு நீட்டின மாதிரித் தொங்கும்படி ஒட்டி, அதில் ஆசிரியர் பெயரையும் நூலின் பெயரையும் எழுதிவிடுவார்கள். அந்த நாக்குதான் சிட்டிபா. இதோ இந்த மேஜை மேல் இருக்கும் புத்தகத்தின் முதுகில், அடியில், ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டி எண் எழுதியிருக்கிறதே, இதன் பாட்டனுக்குப் பாட்டன்.

இது வெறும் கற்பனை அல்ல. எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்ற பழைய ஊரின் குப்பைமேடுகளை 1896-லிருந்து கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் தோண்டினார்கள். கிடைத்த பாப்பிரஸ் துண்டுகளில் இந்த மாதிரிச் சீட்டுகளும் உண்டு. ஒன்றில் சோஃப்ரான் என்ற ஆசிரியர் பெயரும், பெண்களைப் பற்றிய அவருடைய கூத்துகள் என்ற தலைப்பும் எழுதியிருக்கிறது. சீட்டு தப்பிவிட்டது, புத்தகம் போய்விட்டது. (அதே குப்பைமேட்டில் இந்தியக் கடற்கரையில் நடப்பதாக ஒரு கிரேக்கக் கேலி நாடகமும் கிடைத்தது. அதில் நம் பக்கத்து ராஜா ஒருவர் ஏதோ ஒரு பாஷை பேசுகிறார். அது கன்னடமா, துளுவா, வெறும் உளறலா என்று சண்டை இன்னும் ஓயவில்லை. அதைத் தொட்டால் கடைசி பஸ் போய்விடும், விட்டுவிடுகிறேன்.)

அட்டிகஸ் ஆட்களை அனுப்பினார். வேலை முடிந்தது. பின்னால் எழுதிய ஒரு கடிதத்தில் சிசரோ பூரித்துப்போகிறார். டிரானியோ அடுக்கிவைத்த பிறகு என் வீட்டுக்கே ஒரு மனசு வந்துவிட்ட மாதிரி இருக்கிறது என்கிற அர்த்தத்தில் சொல்கிறார். அங்கேயும் சிட்டிபா வருகிறது. சீட்டுகள் ஒட்டியதும் நூல்களே பளிச்சென்று ஆகிவிட்டனவாம். இடையில் இன்னொரு கடிதத்திலும் அந்தச் சொல் வருகிறது. ஆக மூன்று இடம். இந்த மூன்றைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். துப்புத் துலக்க இதுதான் பின்னால் உதவப் போகிறது.

அதன் பிறகு ஆயிரத்து நானூறு வருஷத்தை நான் ஒரே தாவலில் தாண்டப் போகிறேன். ரோமானியப் பேரரசு போனது, சுருள் போய்த் தைத்த புத்தகம் வந்தது, சுருளோடு சிட்டிபாவும் போனது. அந்தப் பொருளையே பார்த்தவர் இல்லாதபோது அந்தப் பெயர் யாருக்குத் தெரியும்? சிசரோ அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களும் கிட்டத்தட்டக் காணாமலே போய்விட்டன. 1345-ல் பெட்ரார்க் என்ற இத்தாலியக் கவிஞர் வெரோனா ஊரின் தேவாலய நூலகத்தில் அவற்றின் ஒரு பிரதியைக் கண்டெடுத்தார். தன் கையாலேயே படியெடுத்தார். படித்துவிட்டு, செத்துப்போய் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆன சிசரோவுக்கே ஒரு கடிதம் எழுதினார். உம்மை மகான் என்று நினைத்தேனே, இப்படி அரசியல் சேற்றில் புரண்டிருக்கிறீரே என்று கோபித்துக்கொண்டு. எனக்கு மிகவும் பிடித்த கடிதம் அது.

ஆனால் பெட்ரார்க்குக்கு ஒரு குறை இருந்தது. கிரேக்கம் தெரியாது. ஹோமரின் கிரேக்கப் பிரதி ஒன்றைப் பரிசாகப் பெற்று, படிக்க முடியாமல், வெறுமனே கட்டிப் பிடித்துக்கொண்டு ஏங்கியவர் அவர். மேற்கு ஐரோப்பாவில் அன்றைக்குக் கிரேக்கம் படிக்கத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். லத்தீன் நூலைப் படியெடுப்பவர், நடுவில் ஒரு கிரேக்கச் சொல் வந்தால், படம் வரைவது போல் பார்த்து வரைவார், அல்லது தனக்குத் தெரிந்த ஏதோ ஒன்றாக மாற்றிவிடுவார்.

பெட்ரார்க்கின் பிரதி இன்று இல்லை. அவர் கண்டெடுத்த வெரோனா பிரதியும் இல்லை. ஃபிளாரன்ஸ் நகரத்தின் அரசுச் செயலராக இருந்த சல்லுடாட்டி 1393-ல் தமக்கென்று ஒரு படி வரவழைத்தார். அது இன்றும் ஃபிளாரன்ஸில், லாரென்சியன் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதில் அந்த வாக்கியத்தைப் பார்த்தால், 'சிட்டிபாஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'சில்லபோஸ்' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பிரதி வந்து நான்கு வருஷம் கழித்து, 1397-ல்தான், கிரிசோலோராஸ் என்ற கிரேக்க ஆசிரியர் ஃபிளாரன்ஸுக்கு வந்து பாடம் நடத்த ஆரம்பித்தார். அவரை அழைத்து வந்ததும் இதே சல்லுடாட்டிதான். பஸ் போன பிறகு டிக்கெட் வந்த கதை.

எப்படி மாறியிருக்கும்? லத்தீன் பெரிய எழுத்தில் டி என்பது ஒரு நிமிர்ந்த கோடு, தலையில் ஒரு படுக்கைக் கோடு. எல் என்பதும் ஒரு நிமிர்ந்த கோடுதான், படுக்கைக் கோடு காலடியில். மை மங்கி, புழு அரித்து, தலைக்கோடு போய்க் காலில் ஒரு கறை விழுந்தால் டி, எல் ஆகிவிடும். சிட்டிபாவில் டி இரண்டு. இரண்டும் எல் ஆயின. நடு உயிரும் கடைசி உயிரும் புரண்டன. பிறகு யாரோ ஒரு புத்திசாலி, இது கிரேக்கச் சொல் அல்லவா என்று முதல் எழுத்துக்குப் பக்கத்தில் இருந்த ஐயைத் தூக்கிவிட்டு ஒய் போட்டார். வேஷம் பொருந்திவிட்டது.

நமக்கு இது புதிதில்லை. நம் ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி கிடையாது, குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வித்தியாசம் கிடையாது, ரகரமும் காலும் ஒன்று போலவே இருக்கும். உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டு முடிப்பதற்குள் இந்த ஒரு காலை வைத்துக்கொண்டு எத்தனை இரவு தூங்காமல் இருந்திருப்பார்! படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்? லத்தீன்காரர்களுக்கு இந்தப் பழமொழி தெரிந்திருந்தால் அவர்களும் கல்வெட்டில் வெட்டி வைத்திருப்பார்கள்.

1470-ல் அட்டிகஸ் கடிதங்கள் அச்சேறின. ஒரே வருஷத்தில் ரோமிலும் வெனிஸிலும். அச்சுக்கலை அப்போதுதான் இத்தாலிக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. பல அச்சகங்களில் கிரேக்க எழுத்து வார்த்து வைத்திருக்கவில்லை. கிரேக்கம் வரும் இடத்தில் வெற்றிடம் விட்டு, பிறகு கையால் நிரப்பிக்கொள்வார்கள். அந்தப் பழம்பதிப்புகளில் பிழையான சொல் ஏறியது. அதனால்தான் சிலபஸை 'அச்சுப்பிழைக்குப் பிறந்த சொல்' என்று சொல்லும் வழக்கம் வந்தது. அச்சுக்கோப்பவர் மேல் பழியைப் போடுவது எல்லா ஊரிலும் சுலபம். ஆனால் பிழை கையெழுத்துப் பிரதியிலேயே இருந்தது என்பதைச் சற்றுமுன் பார்த்தோம். அச்சு செய்தது ஒன்றுதான்: ஒரு பிரதியில் இருந்த பிழையை நூற்றுக்கணக்கான பிரதிகளுக்குக் கொண்டுபோனது.

இதுவரைக்கும் நடந்ததை மன்னித்துவிடலாம். கண் தவறியது, கை தவறியது. அதற்கு மேல் நடந்ததுதான் எனக்குச் சுவாரஸ்யம். ஏனென்றால் அது அறியாமையால் நடக்கவில்லை, அறிவால் நடந்தது.

பின்வந்த பதிப்பாசிரியர்களுக்குக் கிரேக்கம் தெரியும். நன்றாகவே தெரியும். லத்தீன் எழுத்தில் இருந்த அந்தச் சொல்லைப் பார்த்ததும், ஆகா, இது கிரேக்கம், கிரேக்க எழுத்திலேயே போடுவோம் என்று போட்டார்கள். போட்டதும் அது 'சில்லம்பானெய்ன்' வீட்டுப் பிள்ளை போலவே தோன்றியது. முகஜாடை அப்படி. பொருள்? அது பக்கத்திலேயே இருந்தது. சிசரோ அந்தச் சீட்டுகளை முதலில் லத்தீனில் 'இன்டெக்ஸ்' என்று சொல்லிவிட்டுத்தான், நீங்கள் கிரேக்கத்தில் இன்னது என்பீர்கள் என்று தொடர்கிறார். இன்டெக்ஸ் என்றால் சுட்டிக்காட்டுவது. ஆள்காட்டி விரலும் இன்டெக்ஸ்தான். சிசரோ காலத்தில் நூலின் பெயரைச் சுட்டும் சீட்டும் இன்டெக்ஸ். அச்சு வந்த காலத்திலோ இன்டெக்ஸ் என்றால் பட்டியல், அட்டவணை. ஆகவே 'சில்லபோஸ்' என்றாலும் பட்டியல் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள்.

பாருங்கள் எப்படிக் கூடியிருக்கிறது என்று. உடம்பு, ஒரு எழுத்தரின் கைப்பிழை. பொருள், பக்கத்து வீட்டு இன்டெக்ஸிடம் கடன் வாங்கியது; அதுவும் இன்டெக்ஸின் பிற்காலப் பொருள். குலம் கோத்திரம், 'சிலபிள்' குடும்பத்திலிருந்து இரவல். மூன்றும் மூன்று இடத்தில் எடுத்துத் தைத்த சட்டை. தையல் தெரியவில்லை என்பதுதான் தையற்காரர்களின் திறமை. இந்தப் பண்டிதர்களுக்குக் கிரேக்கம் கொஞ்சம் குறைவாகத் தெரிந்திருந்தால், புரியவில்லை என்று ஒரு குறி போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பிழை அன்றைக்கே அகப்பட்டிருக்கும். அப்பத்தாவுக்கு 'பஸ்' தெரிந்திருந்ததுதான் வினை, தெரியாவிட்டால், "என்னடா அது?" என்று கேட்டிருப்பாள்.

பிடிபட்டது எப்படி? அந்த மூன்று இடங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே. ஒரே சொல் மூன்று கடிதத்தில் வருகிறது. பிரதி எழுதியவருக்கு மூன்று இடத்திலும் அது புரியவில்லை. புரியாத சொல்லை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகக் கெடுத்தார். மூன்று கெட்ட வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த ஒரு நல்ல வடிவத்திலிருந்து இந்த மூன்றும் கெட்டிருக்க முடியும் என்று கணக்குப் போடலாம். அப்படிப் போட்டுத்தான் பிற்காலப் பதிப்பாசிரியர்கள் 'சிட்டிபா'வுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படியும் 'சில்லிபோஸ்' என்ற இன்னொரு வடிவத்துக்கு வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் தொங்குகிற சீட்டு என்றுதான் பொருள். பட்டியல் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

கண்டுபிடித்தாயிற்று. அதற்குள் சொல் கைவிட்டுப் போய்விட்டது. ஆங்கிலத்தில் 1650களிலேயே அது நடமாட ஆரம்பித்திருந்தது. நூலின் பொருளடக்கம், சுருக்க அட்டவணை என்கிற பொருளில். சொற்பொழிவாளர்கள் தாங்கள் பேசப் போகும் தலைப்புகளை வரிசையாக ஒரு தாளில் அச்சிட்டு முன்கூட்டிக் கொடுப்பார்கள், அதற்கும் இந்தப் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் போன்றவர்கள் பல்கலைக்கழகத்துக்கு வர முடியாத பெண்களுக்கும் தொழிலாளிகளுக்கும் ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்தியபோது இப்படித் தாள் கொடுப்பது பெரிய வழக்கமாயிற்று. பேச்சுக்கு முன் கொடுத்த தாள், பரீட்சைக்கு முன் கொடுக்கும் தாளாக மாறியது. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது இந்தக் கடைசி அவதாரம்தான்.

நடுவில் ஒரு வேடிக்கை. 1864 டிசம்பர் 8-ஆம் தேதி, போப் ஒன்பதாம் பயஸ் ஓர் ஆவணம் வெளியிட்டார். இந்தக் காலத்தில் மலிந்துவிட்ட தவறான கருத்துகள் இவை இவை என்று எண்பது தவறுகளைத் தொகுத்து, எண் போட்டு, கண்டித்து எழுதிய பட்டியல். மனசாட்சிச் சுதந்திரம், அரசும் திருச்சபையும் பிரிந்திருப்பது, நவநாகரிகம் எல்லாம் அதில் அடி வாங்கின. ஐரோப்பாவே கொதித்தது. அந்த ஆவணத்துக்கு லத்தீனில் வைத்த பெயர், தமிழில் சொன்னால், 'பிழைகளின் சிலபஸ்'. எண்பது பிழை என்று எண்ணினார்கள். தலைப்பிலேயே உட்கார்ந்திருந்த எண்பத்தோராவது பிழை யார் கண்ணிலும் படவில்லை.

இன்னொரு சண்டையும் உண்டு. ஆங்கிலத்தில் சிலபஸின் பன்மை என்ன? 'சிலபஸஸ்' என்று சொன்னால் சில பேராசிரியர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். லத்தீன் இலக்கணப்படி 'சிலபை' என்றுதான் சொல்ல வேண்டும் என்று திருத்துவார்கள். என்னையும் ஒருவர் நாலு பேர் முன்னால் திருத்தியிருக்கிறார். அப்போது எனக்கு இந்தக் கதை தெரியாது, வாயை மூடிக்கொண்டேன். இல்லாத கிரேக்கச் சொல்லுக்கு லத்தீன் பன்மை! அப்படிச் சுத்தம்தான் முக்கியம் என்றால் 'சிட்டிபே' என்று சொல்ல வேண்டும். சொல்லிப் பாருங்கள், டீக்கடையில் ஏதோ பலகாரம் கேட்கிற மாதிரி இருக்கும்.

சிலபஸ் தனியாள் இல்லை. முகத்தில் பரு வந்தால் ஆங்கிலத்தில் 'ஆக்னே' என்கிறோம். மருந்துக் கடை விளம்பரம் முழுக்க அதுதான். கிரேக்கத்தில் முனை, உச்சி என்று பொருள்படும் 'அக்மே' என்ற சொல் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டு மருத்துவர் ஏட்டியஸ் எழுதிய நூலின் பிரதியில் அதன் மகரம் னகரமாகி 'அக்னே' ஆயிற்று. அதிலிருந்து வந்ததுதான் பருவுக்கு இன்றைய பெயர் என்று அகராதிகள் சொல்கின்றன. ஒரு கால் குறைந்த எழுத்துக்கு எத்தனை களிம்பு விற்கிறார்கள்!

எக்ஸ்ரே எடுக்கப் போயிருப்பீர்கள். தலைக்கு மேல் தொங்கும் குழாயின் வாயில் ஒரு பெட்டி இருக்கும். அதில் சதுரமாக ஒரு வெளிச்சம் விழும்; அங்கே வேலை பார்க்கும் தம்பி ஒரு குமிழைத் திருகி அந்தச் சதுரத்தை உங்கள் முழங்கால் அளவுக்குச் சுருக்குவார். கதிரை வேண்டிய இடத்துக்கு மட்டும் அளவாக விடும் அந்தப் பெட்டிக்குக் 'காலிமேட்டர்' என்று பெயர். லத்தீனில் நேர்கோட்டில் குறிவைத்தல் என்பதற்குக் 'கொல்லினேயாரே' என்ற வினை உண்டு. அதில் 'லினேயா', கோடு, தெளிவாகத் தெரிகிறது. ஆனால் லத்தீன் கையெழுத்தில் என், ஐ, எம் எல்லாமே பக்கத்தில் பக்கத்தில் நட்ட குச்சிகள். எத்தனை குச்சி என்று எண்ணித்தான் எழுத்தைக் கண்டுகொள்ள வேண்டும். யாரோ தப்பாக எண்ணினார். 'கொல்லிமாரே' என்று ஒரு போலி வினை பிறந்தது. எங்கே தெரியுமா? மறுபடியும் சிசரோவின் பதிப்புகளில்! பாவம் அந்த மனிதர். லத்தீனில் எழுதிய வானியலாளர்கள், கெப்ளர் உட்பட, அந்தப் போலியை நம்பி எடுத்துக்கொண்டார்கள். தொலைநோக்கி வழியாக வந்து எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்துவிட்டது.

இப்படிப்பட்ட சொற்களுக்கு ஆங்கிலத்தில் 'பேய்ச் சொற்கள்' என்று பெயர் வைத்தவர் ஸ்கீட் என்ற அறிஞர், 1886-ல். எல்லாப் பேயும் நிலைத்துவிடுவதில்லை. 1934-ல் வந்த வெப்ஸ்டர் பெரிய அகராதியில் 'டார்ட்' என்றொரு சொல் ஏறியது, பொருள், அடர்த்தி. உண்மையில் அது, அடர்த்திக்குச் சுருக்கக் குறியீடாகப் பெரிய டி அல்லது சின்ன டி போடலாம் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதியிருந்த குறிப்பு. 'டி ஆர் டி' என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்துப் படித்துவிட்டார்கள். 1939-ல் ஒருவர் கவனித்தார், ஏன் இந்தச் சொல்லுக்கு மூலமே காட்டவில்லை என்று. 1947-ல் எடுத்தே விட்டார்கள். அதை யாரும் பேச்சில் எடுக்கவில்லை, ஆகவே கேட்க நாதியில்லாமல் போனது. சிலபஸை எடுக்க முடியுமா? பள்ளிக்கூடத்தை மூட வேண்டி வரும்.

நம் ஊரில் ஒரு வியாதி உண்டு, உரிமையோடு சொல்கிறேன். ஆங்கிலச் சொல் எது கிடைத்தாலும் நடுவில் உடைத்து, இரண்டு பாதியிலும் தமிழைக் காட்டுவது. கைதட்டல் நிச்சயம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் இல்லாமல் இல்லை. கட்டுமரம் போயிருக்கிறது, சுருட்டு போயிருக்கிறது, மிளகுத்தண்ணி போயிருக்கிறது. அவை தமிழ் என்று நாம் நம்புவது ஒலி ஒத்துப்போவதால் மட்டும் அல்ல. யார் எந்தக் கடற்கரையில் அந்தப் பொருளைப் பார்த்தார், எந்தத் தாளில் எந்த வருஷம் எப்படி எழுதினார் என்று தடம் இருக்கிறது. ஒலியும் பொருளும் ஒத்துப்போனால் போதும் என்றால் சிலபஸ் சுத்தமான கிரேக்கம்தான். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏன், 'சில பஸ்' கூடச் சரிதான்.

தமிழில் சிலபஸைப் பாடத்திட்டம் என்கிறோம். நல்ல சொல். அதில் முதல் பாதியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாடம் என்றால் வகுப்பில் நடத்துவது, மனப்பாடம் பண்ணுவது. சுவடிப் பதிப்பில் பாடம் என்றால் வேறு. ஒரு பிரதியில் சொல் எந்த வடிவத்தில் இருக்கிறதோ அது அந்தப் பிரதியின் பாடம். இந்தப் பிரதியில் ஒரு பாடம், அந்தப் பிரதியில் வேறு பாடம் என்றால், அது பாடபேதம். மொழிபெயர்த்தவருக்கு சிசரோவும் தெரிந்திருக்காது, சிட்டிபாவும் தெரிந்திருக்காது. ஆனாலும் பாடபேதத்தில் பிறந்த ஒரு சொல்லுக்குத் தமிழில் பெயர் வைக்கும்போது, 'பாடம்' வந்து தானாக உட்கார்ந்துகொண்டது.

இன்று மாலை நான் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டேன். நூலகர் அம்மா உள்ளே ஒரு கட்டுப் புதுப் புத்தகத்துக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு விரலில் பசை, மறு கையில் பழந்துணி. அடியிலிருந்து ஒரே உயரத்தில் வர வேண்டும் என்று ஒரு அட்டைத் துண்டை வெட்டி அளவுகோலாக வைத்திருக்கிறார். சீட்டை வைத்து, துணியால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அடுத்ததை எடுக்கிறார். "ஒட்டாம விட்டா என்னம்மா ஆகும்?" என்று கேட்டேன். "ஒட்டுனதே மழைக்காலத்துல உரிஞ்சு விழுந்துருதுங்க சார். போன மாசம் ஒரு இலக்கணப் புத்தகம் சமையல் வரிசைல கெடந்துச்சு" என்றார்.

கேள்வி இருந்தால் இரண்டே இரண்டு கேளுங்கள். ஒன்பது பத்துக்கு எங்கள் ஊர் பஸ். அப்பத்தா காலத்தில் ஒன்றுதான் இருந்தது. இப்போது சில பஸ் வருகின்றன. இது அதில் கடைசி.